பிரான்சிஸ் ஓடவில்லை

7 ஜூலை 2025, திங்கள்

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கப்படுவது: என் நீலச் சட்டையின் மூன்றாம் பொத்தான் இன்று காலை பத்து இருபதுக்குத் திண்டிவனத்தில் காலமானது. கடித்துப் பிடுங்கியவர் தமிழ்ச்செல்வி, வயது எட்டு. விழுங்கவில்லை, துப்பிவிட்டார். துப்பிய இடம் என் டீ டம்ளர். மலர் வளையம் வேண்டாம். ஊசி நூல் கொண்டுவருவோர் வரவேற்கப்படுகிறார்கள்.

துயரத்தில் வாடும் சவுரிராயன் ஆகிய எனக்கு வயது பத்தொன்பது. விழுப்புரத்தில் சிறப்புக் கல்விப் பட்டயப் படிப்பு, இரண்டாம் ஆண்டு. இன்று தொடங்கி ஆறு வாரம் திண்டிவனத்தில் ஒரு சிறப்புப் பள்ளியில் பயிற்சி ஆசிரியர். இந்தப் பதவியின் பொருள் இன்றுதான் விளங்கியது. பயிற்சி எனக்கு. ஆசிரியர்கள் அந்த ஆறு பிள்ளைகள்.

கல்லூரிக்குத் தனியாக ஒரு குறிப்பேடு எழுத வேண்டும். அதில் ‘மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்’ என்று எழுதியாகிவிட்டது. என் பொத்தானில் ஆர்வம் காட்டினார்கள், பொய்யில்லை. இது என் சொந்த நோட்டு. இதில் உண்மை மட்டும்.

8 ஜூலை

வகுப்பு மேலாண்மை என்று ஒரு பாடம். கல்லூரியில் எண்பத்தொரு மதிப்பெண் வாங்கினேன். இங்கே வந்து பார்த்தால் வகுப்பு மேலே இருக்கிறது, என் ஆண்மை பெஞ்சுக்குக் கீழே பென்சில் பொறுக்கிக்கொண்டிருக்கிறது.

தமிழ்ச்செல்விக்குத் தண்ணீரைக் கண்டால் ஊற்ற வேண்டும். தரையில், பையில், என் தலையில். ‘வேண்டாம்மா’ என்றால் அதற்கு ‘இன்னும் கொஞ்சம்’ என்று பொருள் போல.

10 ஜூலை

இன்று முழுக்க வேடிக்கை பார்த்தேன். பிரபாவதி மிஸ் எங்கள் வகுப்பு ஆசிரியை. இருபது வருடமாக இதே வேலை. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆறு பேரும் அவர் சொன்னால் உட்காருகிறார்கள். நான் சொன்னால் நான்தான் உட்காருகிறேன்.

அவருடைய ரகசியம் சுவரில் இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு பட்டை. அதில் மேலிருந்து கீழாகப் பட அட்டைகள் ஒட்டியிருக்கும்: பிரார்த்தனை, வேலை, சுண்டல், விளையாட்டு, சாப்பாடு, கடைசியில் வீடு. ஒன்று முடிந்ததும் பிள்ளையே அட்டையைப் பிய்த்து டப்பாவில் போட்டுவிட்டு அடுத்த படத்தைப் பார்க்கும். வீடு அட்டைக்கு மட்டும் தனி மரியாதை. அதைக் கதவோரம் தொங்கும் துணிப்பையில் போட்ட பிறகுதான் செருப்பு மாட்டலாம்.

இதை வேதமாக எடுத்துக்கொண்டவன் பிரான்சிஸ். பதினோரு வயது, பேச்சு இல்லை. சுண்டல் படம் வராமல் சுண்டலை மூக்கருகே கொண்டுபோனாலும் தொட மாட்டான். போன வருடம் சேர்ந்த புதிதில் கேட்டைப் பார்த்தால் ஓடுவானாம். மிஸ் இந்த அட்டைகளை வைத்துத்தான் உட்காரவைத்தார். ஜனவரியிலிருந்து ஒருமுறைகூட ஓடவில்லை.

ஆயா பாஞ்சாலி அக்கா சொன்னார்: “நீங்க இன்னா கத்தினாலும் அவன் காதுல வாங்க மாட்டான் சார். அவனுக்கு அட்டதான் கலெக்டரு.”

15 ஜூலை

கழித்தல் பாடம். பொருளைக் கையில் கொடுத்துக் கற்பிக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஐந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வைத்தேன். மாணவர் ஆனந்தராஜ், வயது பதினான்கு, எங்கள் வகுப்பின் பெரிய மனிதர்.

“அஞ்சுல ரெண்டு எடுத்தா எவ்ளோடா?”

அவன் ரெண்டு எடுத்தான். தின்றான். மீதியையும் தின்றான். “ஒண்ணும் இல்ல சவுரி சார்.”

விடை சரி. என்னால் குறை சொல்ல முடியவில்லை. ‘சவுரி’ என்று சொல்லும்போது என் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறான், ஒட்டுமுடியா என்று. இவனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று விசாரித்தேன். பாஞ்சாலி அக்கா தரையை ரொம்ப அக்கறையாகக் கூட்டிக்கொண்டிருந்தார்.

18 ஜூலை

இன்று யாரும் யாரையும் கடிக்கவில்லை. என் நகத்தை நான் கடித்தது கணக்கில் வராது.

22 ஜூலை

பழிக்குப் பழி. பாஞ்சாலி அக்கா துடைப்பம் வைக்கும் மூலையில் ரப்பர் பல்லி வைத்தேன். அவர் அதை வாலைப் பிடித்துத் தூக்கி, “உங்க ஊட்டுப் புள்ளயா சார்? தொலைச்சிடாதீங்க” என்று என் சட்டைப்பையில் போட்டார். மிஸ் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன். முகமே வேறு. இன்னொரு தடவை சிரிக்கவைக்க வேண்டும்.

24 ஜூலை

வெற்றி. கல்லூரியிலிருந்து விரிவுரையாளர் வந்து என் வகுப்பைப் பார்த்தார். இருபது நிமிடம் ஆறு பேரும் இடத்தை விட்டு அசையவில்லை. ‘நல்ல கட்டுப்பாடு’ என்று எழுதிக் கொடுத்தார். பிரான்சிஸ் என் கையிலிருந்து மணிகளை வாங்கிக் கோத்தான். சொல்லப்போனால் எனக்கு இது கூடவே பிறந்தது போலிருக்கிறது. பிரபாவதி மிஸ் ஓய்வுபெறும்போது இந்தப் பள்ளி என்னைத்தான் நம்பியிருக்கும்.

30 ஜூலை, புதன்

எப்படி எழுதுவது. வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். தமிழ்ச்செல்வி வந்ததும் என் மதியச் சாப்பாட்டில் தண்ணீர் ஊற்றினாள். எரிச்சல். மிஸ் முகமும் வாடியிருந்தது. சரி, சிரிக்கவைக்கலாம் என்று நினைத்தேன். பிரான்சிஸ் பட்டையில் கடைசியிலிருந்த வீடு அட்டையை எடுத்துப் பிரார்த்தனைக்கு அடுத்து ஒட்டினேன். மிஸ் பார்ப்பார், ‘என்னப்பா இது’ என்பார், ‘பிரார்த்தனை முடிஞ்சா இன்னிக்கு லீவு மிஸ், மேலிடத்து உத்தரவு’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் திட்டம். ஒரு நிமிட வேலை.

பிரார்த்தனை நடுவில் மிஸ்ஸை ஆபீசில் கூப்பிட்டார்கள். “ராயா, பாத்துக்கோ” என்று போனார். தமிழ்ச்செல்வி குடத்தைக் கவிழ்த்தாள். நானும் பாஞ்சாலி அக்காவும் துடைத்தோம். நான் அட்டையை மறந்தே போனேன். சுத்தமாக மறந்துவிட்டேன்.

நிமிர்ந்தபோது பிரான்சிஸ் இல்லை. பை இல்லை. செருப்பு இல்லை. தண்ணி கேன் வண்டி வந்ததால் கேட் திறந்துகிடந்தது.

கதவோரத் துணிப்பையில் வீடு அட்டை இருந்தது. ஒழுங்காகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

அதைப் பார்த்ததும் என் கை என்ன செய்தது தெரியுமா? எடுத்தது. பட்டையில் கடைசியில், பழைய இடத்தில் ஒட்டியது. அதற்குப் பிறகுதான் “மிஸ், பிரான்சிஸக் காணோம்” என்று வாய் கத்தியது. முதலில் அட்டை. பிறகுதான் பிள்ளை. ஏன்டா அப்படிப் பண்ண?

மூன்று மணி நேரம். மேம்பாலம் வரை ஓடினேன். பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கினேன். அந்த ரோட்டில் லாரிகள் போகிற வேகம் இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. அவன் அம்மா ஜெசிந்தா, மல்லாட்டை மண்டியில் தரம் பிரிக்கும் வேலை, முந்தானையெல்லாம் தூசியோடு ஓடிவந்தார். அழவில்லை. “செகப்புச் சட்ட, செகப்புச் சட்ட” என்று எதிரில் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒன்றரை மணிக்கு அவர்கள் ஊரான பிரம்மதேசத்திலிருந்து போன். பக்கத்து வீட்டுக்காரர். பூட்டிய வீட்டு வாசலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம். தினமும் அம்மாவோடு போகிற அதே பஸ், அதே ஸ்டாப். கண்டக்டர் யாருடனோ வந்த பிள்ளை என்று நினைத்திருக்கிறார்.

நான் வாந்தி எடுத்தேன். எல்லாரும் வெயில் என்றார்கள்.

31 ஜூலை

தாளாளர் கூட்டம் போட்டார். அரங்கநாதன் சார். கெட்டவர் இல்லை. பயந்தவர்.

“ஓடுற புள்ளைய வெச்சிக்கினு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? ஒரு வருஷமா அட்ட அட்டன்னு சொன்னீங்க, மறுபடியும் ஓடிட்டான் பாருங்க.”

மிஸ் சொன்னார், “ஓடுற புள்ள பைய எடுத்து மாட்டிக்கினு, தண்ணி பாட்டில வெச்சிக்கினு ஓடாது சார். எனக்கு என்னமோ புரியல.”

“உங்களுக்கே புரியலன்னா நான் எப்படிங்க வெச்சிக்கிறது?”

அடுத்த வியாழன் ஜெசிந்தா வந்து கையெழுத்துப் போட்டு, பிள்ளையின் கோப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரை பிரான்சிஸ் வர வேண்டாம்.

கூட்டம் முடிந்ததும் மிஸ் என்னிடம் வந்தார். “நீ அங்கதான இருந்த. ஏதாவது பாத்தியா ராயா?”

“இல்ல மிஸ். தண்ணி தொடச்சிக்கினு இருந்தேன்.”

பாதி உண்மை. மீதிப் பாதிதான் முழு விஷயமும்.

1 ஆகஸ்ட்

ஜெசிந்தா அக்கா கேட்டுக்கு வெளியே நின்று பாஞ்சாலி அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“இங்க சேக்கறதுக்கு முன்ன மூணு வருசம் உள்ள வுட்டுப் பூட்டிட்டுத்தான் வேலைக்குப் போனேன். ஜன்னலாண்ட ஒக்காந்து கம்பியப் புடிச்சிக்கினே இருப்பான். வந்து தொறந்தா வெரலு சிவந்து கெடக்கும். இப்ப திரும்பவும் அதான்.”

வியாழன் வரை நாலு பள்ளி நாள் பிரான்சிஸ் பூட்டிய வீட்டுக்குள் இருக்கப் போகிறான் என்று பஸ்ஸில் கணக்குப் போட்டேன். பிறகு திருத்தினேன். நாலு நாள் இல்லை. இனிமேல்.

சொன்னால் என்ன ஆகும்? பயிற்சி போகும். மதிப்பெண் போகும். அப்பா கட்டட வேலை செய்து படிக்கவைக்கிறார், அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? மிஸ் முகத்தை?

4 ஆகஸ்ட்

இன்று எந்த ஜோக்கும் தோன்றவில்லை. ஆனந்தராஜ் என் முடியை இழுத்தான். விட்டுவிட்டேன். அவனே பயந்துபோய்த் தடவிக்கொடுத்தான்.

5 ஆகஸ்ட்

பிரான்சிஸ் பட்டையை இன்னும் யாரும் கழற்றவில்லை. மிஸ் இன்றும் காலையில் வந்து அதன் அட்டைகளை வரிசையாகச் சரிபார்த்தார். அவன் வர மாட்டான் என்று தெரிந்தே. வீடு அட்டை மேல் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

“நான் எங்கியோ தப்புப் பண்ணியிருக்கேன் ராயா. கண்டுபிடிக்க முடியல.”

நான் பாத்ரூம் போய் வருகிறேன் என்றேன். எனக்கும் அட்டை மாதிரி ஒன்று வேண்டும். அடுத்து என்ன என்று யாராவது ஒட்டிவிட்டால் போய்விடுவேன்.

7 ஆகஸ்ட், வியாழன்

வரலாற்றில் இடம்பெறும் நாள்.

தாளாளர் அறைக்குள் நேராகப் போனேன். நெஞ்சை நிமிர்த்தினேன். “சார், பிரான்சிஸ் ஓடல. அட்டைய மாத்தினவன் நான். அவன் அட்டை சொன்னத செஞ்சான். தண்டனை எனக்குக் குடுங்க” என்றேன். ஒரு சொல் தடுமாறவில்லை. அறையே அமைதி. தாளாளர் எழுந்து நின்றுவிட்டார். மிஸ்ஸின் கண்ணில் ஈரம். ஜெசிந்தா அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். பிரான்சிஸ் இங்கேயே இருக்கலாம் என்று முடிவாயிற்று.

சவுரிராயன் செய்தது தவறுதான். ஆனால் ஒப்புக்கொண்டது போல் யாரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

18 ஆகஸ்ட், திங்கள்

ஏழாம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். கிழித்தால் பின்பக்கமும் போகும். இருக்கட்டும். ஆனால் முதல் நாள் ‘இதில் உண்மை மட்டும்’ என்று நானே எழுதித் தொலைத்திருக்கிறேன். பிரான்சிஸ் இருக்கலாம் என்று முடிவானதைத் தவிர மற்றதெல்லாம் புளுகு.

நடந்தது இது. தாளாளர் அறை வாசல் வரை போனேன். செருப்பைக் கழற்றினேன். மாட்டினேன். கழற்றினேன். உள்ளே அவர் தும்மினார். நான் கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்கே போய்விட்டேன். அந்தப் பள்ளியிலிருந்து உண்மையாக ஓடிய ஆள் ஒருவன் உண்டென்றால் அது நான்தான். அதுவும் பையை வகுப்பிலேயே வைத்துவிட்டு.

விழுப்புரம் பஸ் வருவதற்குள் எதிர்ப்பக்கம் பிரம்மதேசம் வழியாக வரும் மரக்காணம் ரோட்டு பஸ் நின்றது. ஜெசிந்தா அக்கா பிரான்சிசைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“கையெழுத்துப் போட வந்தேன் சார். நீங்களும் மிஸ்ஸும் எம்புள்ளய நல்லா பாத்துக்கினீங்க. அவந்தான் கெடுத்துக்கினான்.”

இதற்குப் பதிலாக அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. முன்னுக்குப் பின், பின்னுக்கு முன். நடுவில் தமிழ்ச்செல்வியின் குடம் வேறு வந்தது. அவருக்குப் புரிந்ததா என்றே தெரியவில்லை. அடிப்பார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

“அப்ப இவன் ஓடலியா?”

“இல்லக்கா. வீடுன்னு அட்ட இருந்துச்சி. அதான் போனான்.”

“அவனே ரோட்டத் தாண்டி, பஸ்சப் பாத்து ஏறி, நம்ம ஸ்டாப்புல எறங்கி?”

“ஆமாக்கா.”

“வூட்டாண்ட போய் ஒக்காந்தானா.” இதைக் கேள்வியாகச் சொல்லவில்லை. பிரான்சிசின் தலையைத் திருப்பி முகத்தைப் பார்த்தார். அவன் பஸ் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்தார். மண்டி வேலை செய்கிற கை, விடுவித்துக்கொள்ள முடியாது. “வா தம்பி” என்றார். அதுவரை சார். ஒரு கையில் பிரான்சிஸ், மறு கையில் நான். இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு தாளாளர் அறைக்குள் போனார். மிஸ்ஸும் அங்கேதான் கோப்போடு உட்கார்ந்திருந்தார்.

“இந்தத் தம்பி இன்னாவோ சொல்லணுமாம் சார்.”

நான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. மூக்கு ஒழுக, விக்கல் எடுத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. முழுவதையும் ஜெசிந்தா அக்காதான் சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் கும்பிடவும் இல்லை. என் மணிக்கட்டை விடவே இல்லை.

தாளாளர் என்னை என்னென்னவோ கேட்டார். மிஸ் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “திரும்ப ஒட்டி வெச்சது நீதானா?” அட்டையை மாற்றியதைப் பற்றி இல்லை. ஒளித்ததைப் பற்றி. நான் அதற்கும் தலையாட்டினேன். அவர் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தாளாளரிடம் திரும்பினார்.

“அவன் அட்டையப் படிச்சிருக்கான் சார். பொய் சொன்னது அட்ட இல்ல, நாமதான். இந்தப் புள்ளைய அனுப்பறதுன்னா மொதல்ல எங்கள அனுப்புங்க.”

தாளாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். பிறகு கேட்டுக்கு உள்தாழ்ப்பாள் போடச் சொன்னார். மிஸ் வெளியே போனால் வேறு ஆசிரியர் வந்த பிறகுதான் போக வேண்டும் என்றார். கோப்பை மிஸ்ஸிடமே கொடுத்துவிட்டார்.

என் ஆறு வாரம் செல்லாது. கல்லூரியில் வகுப்பு மேலாண்மைக்கு எனக்குப் பூஜ்யம் போட்டுவிட்டார்கள். மறுபடி முதலிலிருந்து ஆறு வாரம். எங்கே என்று கேட்டார்கள். வேறு பள்ளி கேட்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். இங்கேயே என்று எழுதிக் கொடுத்தேன். மிஸ் ஒப்புக்கொண்டாராம். என்னிடம் சொல்லவில்லை. ஏழாம் தேதிக்குப் பிறகு என்னிடம் பேசவே இல்லை. இன்று காலை பேசினார், மூன்று சொல்: “தரையத் தொடை ராயா.” பெரிய விஷயம்.

பிரான்சிஸ் ஒன்பதரைக்கு வந்தான். அட்டைகளைத் தொடும் வேலை இனி எனக்கு இல்லை. அவன் சுண்டல் படத்தைக் கழற்றும்போது நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

மதியம் பாஞ்சாலி அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, தாளாளர் அறையில் நான் அழுததை மட்டும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

“அய்ய, நான் ஏன் சார் சொல்லப்போறேன்?” என்றார்.

திரும்பினால் ஆனந்தராஜ் எனக்காக ஒரு துண்டோடு நின்றுகொண்டிருந்தான். “மூக்கு” என்றான்.